போனவங்க, வந்தவங்க

டிஸ்கி: இது ஃபுட்பால் பதிவு. நடுவுல சுயபுராணமும் வரும். ரெண்டும் பிடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

கேளம்பாக்கம் ஜங்ஷன்ல நின்னு, "இந்த வருஷம் நம்ம டீம்ல யாரைத் தூக்கிட்டாங்க தெரியுமா?"ன்னு கேட்டுப் பாருங்க. டீ ஆத்திக்கிட்டே மாஸ்டர் ஆரம்பிச்சிடுவார். 2025 நவம்பர்ல ஜடேஜாவை ராஜஸ்தானுக்குத் தாரை வார்த்து சஞ்சு சாம்சனை வாங்கினது, பதிரனாவை விட்டது, அப்புறம் ஏலத்துல ரெண்டு சின்னப் பசங்களுக்கு ஆளுக்கு 14.20 கோடி கொடுத்தது, எல்லாம் விரல் நுனியில. "அது இல்லண்ணே, ஃபுட்பால் டீம், சென்னையின் எஃப்சி"ன்னு சொன்னா ஒரு பார்வை பார்ப்பார் பாருங்க. கடன் கேக்க வந்தவனைப் பாக்கற பார்வை.

என்ன பண்றது, எனக்கு வாய்ச்சது அப்படி. 2014-ல ஐஎஸ்எல் ஆரம்பிச்சப்போ மாட்டினவன், இன்னும் வெளிய வரல.

எங்கிட்ட ஒரு நோட்டு இருக்கு. எல்ஐசி ஏஜெண்ட் நண்பர் கொடுத்த பழைய டைரி. வருஷா வருஷம் சீசன் முடிஞ்சதும் அதுல ரெண்டு பக்கம் ஒதுக்குவேன். இடது பக்கம் "போனவங்க", வலது பக்கம் "வந்தவங்க". ஒவ்வொரு பேருக்கு எதிர்லயும் ஒரு வரி விமர்சனம். கடைசியில பத்துக்கு இத்தனைன்னு மொத்த மார்க். "மளிகைக் கணக்கு எழுதச் சொன்னா ஒரு வரி எழுத மாட்டீங்க, யாரோ பிரேசில்காரனுக்கு இவ்ளோ எழுதறீங்க"ன்னு தங்கமணி சொல்றது நியாயம்தான். சிறுசேரியில ஆணி புடுங்கிட்டு வந்து ராத்திரி பதினோரு மணிக்கு யூட்யூப்ல லிதுவேனியா லீக் வீடியோ பாக்கறவனை வேற என்ன சொல்றது.

அந்த நோட்டைப் பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்ணும்போது முதல்லேர்ந்து புரட்டிப் பார்த்தேன். என் மார்க்கையும் சீசன் முடிவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா கொஞ்சம் வெக்கமா இருந்துச்சு. அதான் இந்தப் பதிவு.

கொசுவத்தி சுத்தறேன், பொறுத்துக்குங்க.

முதல் மூணு சீசன்ல எல்லாம் டீம்னு ஒண்ணு நிரந்தரமா கிடையாது. அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர்ல முடியற போட்டி. இந்திய ஆளுங்க பாதிப்பேர் ஐ-லீக் கிளப்புலேர்ந்து இரவல். வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு சீசன் ஒப்பந்தம். வருஷா வருஷம் கூடாரம் கலைச்சு மறுபடி போடற சர்க்கஸ் மாதிரி. 2015-ல நாம சாம்பியன். வெள்ளத்துல ஊரே முழுகிக் கிடந்ததால நம்ம ஊர்ல நடக்க வேண்டிய அரையிறுதியை புனேவுல ஆடினாங்க. அப்புறம் டிசம்பர் 20 கோவாவுல ஃபைனல், 3-2. கரண்ட் வந்து ரெண்டு வாரம்கூட ஆகாத வீட்டுல உக்காந்து பார்த்தேன். அந்த சீசன்ல மெண்டோசா 13 கோல். அடுத்த வருஷம் மெண்டோசா அமெரிக்கா போயிட்டார். அதுக்கு என் நோட்டுல என்ன எழுதியிருக்கேன் தெரியுமா? "பரவாயில்ல. ரீசே வர்றார்!" ஆச்சரியக்குறி ஒண்ணு இல்ல, மூணு.

ஜான் ஆர்னே ரீசே. லிவர்பூல்ல 2005 சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்ச இடது காலு. நம்ம டீமுக்கு வந்தப்போ அவருக்கு வயசு 36. பதிமூணு கோல் அடிச்சவன் போய் அந்த இடத்துக்கு ஒரு வயசான டிஃபெண்டர் வர்றதுக்கு நான் போட்ட மார்க் 8. டீம் முடிச்ச இடம் 8 டீம்ல 7-வது.

இது முதல் பாடம்னு சொல்லலாம், ஆனா நான் படிக்கல. ஏன்னா அடுத்த வருஷமே அடிச்சது யோகம். 2017-ல மாட்டராஸி போய் ஜான் கிரெகரி வந்தார். ஒவ்வொரு கிளப்பும் ரெண்டு இந்தியர்களை வெச்சுக்கலாம், மத்த எல்லாரையும் டிராஃப்ட்ல எடுக்கணும்னு விதி. நாம வெச்சுக்கிட்டது ஜெஜெ, கரண்ஜித். சின்னப் பசங்க கணக்குல அனிருத் தாப்பா, ஜெர்ரி. வெளிநாட்டுக்காரங்கள்ல புதுசா வந்த பேரு ஒண்ணுகூட எனக்குத் தெரியாது. கால்தெரோன், செரேனோ, மிஹெலிச்... "யாருய்யா இவங்கல்லாம்"னு எழுதி 4 மார்க் போட்டேன். 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், சேத்ரி முதல் கோல் போட்டுட்டார். அப்புறம் மைல்சன் ஆல்வெஸ் தலையால ரெண்டு. ரஃபேல் அகஸ்டோ மூணாவது. 3-2. மறுபடியும் சாம்பியன். நாலு மார்க் டீம்!

அப்ப வர்ற கோடைக்கு எவ்ளோ போடணும்? அதே கோச், ஜெஜெ இருக்கார், மைல்சன், அகஸ்டோ, நெல்சன், கால்தெரோன் எல்லாரும் இருக்காங்க. புதுசா ஸ்வான்ஸியில ஆடின ஒர்லாண்டி வர்றார். 9 மார்க். நோட்டு பூராவுலயும் அதிக மார்க் அதுதான்.

எங்க ஏரியாவுல சைக்கிள் கடை வெச்சிருந்த ஒரு அண்ணன், சென்னை லீக்ல அந்தக் காலத்துல லெஃப்ட் பேக் ஆடினவர். நோட்டைக் காட்டினேன். பஞ்சர் பார்த்துக்கிட்டே இடது பக்கத்தை மட்டும் படிச்சார்.

"என்னா சார், செரேனோ போறானா?"

"ஆமாண்ணே. அதுக்கு பிரேசில்லேர்ந்து எலி சபியா வர்றார்."

"கப்பைத் தூக்கின கேப்டன் போறான். நம்ம தனபால் கணேசுக்கு முட்டி போச்சு. நீ ஒம்போது மார்க் போட்டிருக்க. நடுவுல யாரு சார் நிப்பாங்க?"

சிரிச்சேன். எல்லாம் தெரிஞ்சவன் சிரிப்பு.

2018-19 சீசன்: 18 ஆட்டம், 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. 9 புள்ளி. 10 டீம்ல 10-வது இடம். முந்தின சீசன்ல 9 கோல் போட்ட ஜெஜெ லீக்ல ஒரே ஒரு கோல். தனபால் கணேஷ் வியாசர்பாடிப் பையன். நடுக்களத்துல அவர் உழைச்ச உழைப்பு டிவியில ஹைலைட்ஸ்ல வராது. அவர் இல்லாதப்போதான் அது எவ்ளோ பெரிய ஓட்டைன்னு தெரிஞ்சது. நம்ம டிஃபென்ஸ் முன்னாடி எதிராளி வந்து நின்னு, மூச்சு வாங்கிட்டு, தண்ணி குடிச்சுட்டு, அப்புறம் ஷாட் அடிப்பான். நானும் பையனும் நேரு ஸ்டேடியத்துல உக்காந்து பார்த்தோம். கேளம்பாக்கத்துலேர்ந்து பைக்ல ஓஎம்ஆர் பூரா ஊர்ந்து ஒன்றரை மணி நேரம். திரும்பி வரும்போது நடுராத்திரி. பையன் தூங்கி விழுந்துடக் கூடாதுன்னு துண்டால என் இடுப்போட சேர்த்துக் கட்டிக்குவேன். படூர் தாண்டினா உப்புக்காத்து மூஞ்சியில அடிக்கும். அதுல முழிச்சுப்பான். முழிச்சதும் கேக்கற முதல் கேள்வி, "ப்பா, நாம எத்தனாவது இடம்?" கடைசி இடம்டா கண்ணா, வேற எடம் கீழ இல்ல.

2019 கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். முதல் 4 ஆட்டத்துல ஒரு கோல்கூட இல்ல. கிரெகரி கிளம்பினார், ஓவன் கோய்ல் வந்தார், அதே ஆளுங்களை வெச்சுக்கிட்டு ஃபைனல் வரைக்கும் போயிட்டார். லிதுவேனியாக்காரர் வால்ஸ்கிஸ் 15 கோல், தங்க ஷூ. பின்னாடியிருந்து பந்து கொடுத்தது கிரிவெல்லாரோ. இடது பக்கம் ஓடினது சாங்தே. கோல் கீப்பர் விஷால் கெய்த். 2020 பிப்ரவரி 29, அரையிறுதி முதல் ஆட்டம், நம்ம ஸ்டேடியத்துல கோவாவை 4-1. நம்ம கடைசி கோல் சாங்தே. என் பையன் என் தோள் மேல ஏறி நின்னான். பன்னிரெண்டு வயசுப் பையன் தோள்ல ஏறினா என்ன ஆகும்னு என் எலும்பு டாக்டரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். ரெண்டு வாரத்துல கொரோனா. மார்ச் 14 கோவாவுல ஆளில்லாத ஸ்டேடியத்துல ஃபைனல், கொல்கத்தா 3, நாம 1.

அந்த வருஷம் கோய்லும் வால்ஸ்கிஸும் ஒண்ணா ஜாம்ஷெட்பூர் போயிட்டாங்க. போனவங்க பக்கத்துல ரெண்டே முக்கியமான பேரு. வந்தவங்க பக்கத்துல அஞ்சாறு. எண்ணிக்கை பார்த்து 6 மார்க் போட்டேன்! 20 ஆட்டத்துல 11 டிரா, மொத்தம் 17 கோல். 8-வது இடம். நடுவுல கிரிவெல்லாரோவுக்கும் அடிபட்டு சீசன் முடிஞ்சது. கோய்ல் அங்க போய் 2021-22 லீக் ஷீல்டு ஜெயிச்சார், ஜாம்ஷெட்பூருக்கு.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம். 2021-22 சீசன்லேர்ந்து விதி மாறிச்சு. அதுவரைக்கும் களத்துல 5 வெளிநாட்டுக்காரங்க ஆடலாம். அந்த வருஷத்துலேர்ந்து நாலு பேர்தான். அதாவது பதினோரு பேர்ல ஏழு பேர் இந்தியர். கணக்கு தெளிவா இருக்கு. வெளிநாட்டுக்காரன் சரியில்லன்னா ஜனவரியில மாத்திக்கலாம், உலகம் பூரா ஆள் கிடைக்கும். ஆனா வேகமா ஓடி கோல் அடிக்கற இந்திய விங்கர் நாடு பூராவும் தேடினா எத்தனை பேர் தேறுவாங்க? நல்ல கோல் கீப்பர் எத்தனை பேர்? அந்த மாதிரி ஒருத்தன் போனா அந்த இடத்துக்கு ஆள் கிடையாது. ஒவ்வொரு ஜூன்லயும் நாம பார்த்து மதிப்பு போட வேண்டியது அந்தப் பட்டியலைத்தான். நானோ, என்னைப் போல பலரும், வர்ற பிரேசில்காரன் வீடியோவை ஒன்றரை ஸ்பீடுல பார்த்துக்கிட்டிருந்தோம்.

2022 ஜனவரியில சாங்தே மும்பை சிட்டிக்குப் போனார். அதே மாசம் வால்ஸ்கிஸ் ஜாம்ஷெட்பூர்லேர்ந்து திரும்பி வந்தார். நோட்டுல இருக்கறது இது: "சாங்தே: வேகம் மட்டும் போதாது, பத்து சான்ஸ்ல ஒண்ணுதான் போடறான். வால்ஸ்கிஸ்: ராஜா வந்துட்டார்." ராஜா வந்தும் 8-வது இடம்தான். கோடையில விஷால் கெய்த் கொல்கத்தாவுக்கு, ஏடிகே மோகன் பகானுக்குப் போனார். அந்த சீசன்ல கெய்த்தும் தேப்ஜித்தும் மாறி மாறி கோல்ல நின்னதால அவர் போறது எனக்குப் பெருசாப் படல. எழுதினேன்: "தப்பு அதிகம். போனது நல்லதுக்கே."

இப்ப சுயபுராணம்.

என் பையன் அப்போ ஒரு அகாடமியில ஆடிக்கிட்டிருந்தான். பேர் வேண்டாம். தாம்பரம் பக்கம். 2019-ல சேர்ந்தான், நடுவுல கொரோனாவுல ஒரு வருஷத்துக்கு மேல வீட்டு மொட்டைமாடியில சுவத்தோட ஆடினான், மறுபடி திறந்ததும் போனான். காலையில நாலரைக்கு எழுந்து, முதல் 515 பிடிச்சு, வண்டலூர் வழியா. தங்கமணி ரெண்டு அவிச்ச முட்டை டப்பாவுல வெச்சுக் கொடுப்பாங்க. பஸ்லயே சாப்பிட்டு டப்பாவைத் தொலைச்சுட்டு வருவான். எத்தனை டப்பான்னு கணக்கில்ல. இடது கால் ஆளு, லெஃப்ட் பேக். குள்ளம். என் பக்கத்து ஜீன் அது, அவன் தப்பில்ல.

2022 ஜூன்ல ஒரு நாள் சாயங்காலம் வாட்ஸப்ல ஒரு பட்டியல் வந்தது. அடுத்த சீசனுக்குத் தொடர்பவர்கள்னு தலைப்பு. இருபத்திரெண்டு பேரு. நான் ரெண்டு தடவை படிச்சேன், மேலேர்ந்து கீழ, கீழேர்ந்து மேல. இல்லாதவங்க பேரு எங்கயும் போடல. யாரும் கூப்பிட்டுச் சொல்லவும் இல்ல. போன் பண்ணினேன், "இந்த வருஷம் பேட்ச் சைஸ் குறைச்சுட்டோம் சார், திறமை இல்லன்னு இல்ல"ன்னாங்க. ஃபீஸ் பாக்கி எதுவும் இல்லையேன்னு அசட்டுத்தனமா ஒரு கேள்வி வேற கேட்டேன். அதெல்லாம் இல்ல சார்னு சொல்லி வெச்சுட்டாங்க.

அவன் அழல. அதுதான் கஷ்டமா இருந்தது. மறுநாள் நான் ஆபீஸ்லேர்ந்து வந்தப்போ ஹால்ல என் நோட்டை விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். 2022 பக்கம்.

"ப்பா, எங்க கோச்சும் இந்த மாதிரி ஒரு நோட்டு வெச்சிருப்பாரா?"

"ஏன்டா?"

"எனக்கு எதிர்ல என்ன எழுதியிருப்பாருன்னு பாக்கணும்."

"அதெல்லாம் எழுதிக்கிட்டிருக்க மாட்டாங்கடா."

கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்துக்கிட்டிருந்தான். "அப்போ எழுதாமயே எடுத்துட்டாங்களா?"

எனக்கு பதில் தெரியல. இன்னி வரைக்கும் தெரியல. உள்ள போய் முகம் கழுவிட்டு வந்து, "பஜ்ஜி சாப்பிடலாம் வா"ன்னு கோவளம் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். உப்பளம் ஓரமா நின்னு சாப்பிட்டோம். ரெண்டு பேரும் ஃபுட்பால் பத்திப் பேசல.

நியாயமா ஒண்ணு சொல்லணும். எல்லாப் பேரும் தூக்கப்பட்ட பேரு இல்ல. ஒப்பந்தம் முடியும், இன்னொரு கிளப் கூடக் கொடுக்கும், ஏஜெண்ட் ஒண்ணு சொல்வார், பையனே புது ஊருக்குப் போகணும்னு நினைப்பான். கிளப்புக்குச் சம்பள உச்சவரம்பு இருக்கு, ஒருத்தனுக்குக் கூட்டினா இன்னொருத்தனுக்குக் குறையும். வெளியிலேர்ந்து பாக்கற நமக்கு எது வெட்டு, எது விலகல்னே தெரியாது. ரெண்டையும் ஒரே பக்கத்துல எழுதி ஒரே மாதிரி மார்க் போட்டுக்கிட்டிருந்தேன். அகாடமியிலயும் எனக்குத் தெரியாத நியாயம் ஏதாவது இருந்திருக்கலாம். இருபத்திரெண்டு பேர்ல நாலு லெஃப்ட் பேக் வெச்சுக்க முடியாது. ஆனா ஒரு போன் பண்ணியிருக்கலாம்.

அந்த சீசன் டீம் மறுபடி சென்னைக்கு வந்தது. ரெண்டு சீசன் கோவாவுலயே பூட்டின கதவுக்குள்ள ஆடினதால சாங்தே, கெய்த் ரெண்டு பேரும் நாம கை தட்டி அனுப்பாமலே போனவங்க. 2022 நவம்பர் 12, நேரு ஸ்டேடியத்துல மும்பை சிட்டி. பையன் வரமாட்டான்னு நினைச்சேன். ஜூன்லேர்ந்து அவன் பந்தைத் தொடவே இல்ல. "சாங்தே வர்றாரா?"ன்னு மட்டும் கேட்டான். வந்தான்.

அரைமணி நேரத்துல நாம 2-0. எங்க வரிசையில கூத்து, கும்மாளம். பையன் மட்டும் பந்தைப் பாக்காம சாங்தேவையே பார்த்துக்கிட்டிருந்தான். "ப்பா, இங்க பாரு. அவர் ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் பந்து வரல. அவர் ஓடறதுக்கு முன்னாடியே பந்து கிளம்பிடுது. நம்ம டீம்ல கிரிவெல்லாரோவுக்கு அடிபட்டப்புறம் அவருக்கு யாரும் அப்படிக் கொடுக்கல. நின்ன இடத்துல கொடுத்தாங்க. நீ சான்ஸ் வீணடிக்கறான்னு எழுதின." ஒரு பதினஞ்சு வயசுப் பய என் எட்டு வருஷ நோட்டை ரெண்டு நிமிஷத்துல காலி பண்ணிட்டான். ஸ்டூவர்ட், நொகேரான்னு பந்து கொடுக்க ஆளுங்க இருக்கற டீம் அது. களத்துல அதுக்கப்புறம் நடந்ததை எழுத மனசு வரல, இருந்தாலும் சொல்லணும்: ஆட்டம் 2-6. ஆமா, ஆறு. மும்பைக்கு.

அந்த சீசன் மும்பை லீக் ஷீல்டு ஜெயிச்சது. சீசனோட சிறந்த ஆட்டக்காரர், தங்கப் பந்து, சாங்தே. 2023 மார்ச் 18 ஃபைனல், மோகன் பகானும் பெங்களூரும், பெனால்டி வரைக்கும் போச்சு. கெய்த் ஒண்ணு தடுத்தார், கப்பு அவங்களுக்கு. சீசன்ல 12 ஆட்டத்துல கோல் விடாம தங்கக் கையுறையும் அவருக்கே. டிவியில அவர் அதை வாங்கும்போது பையன் உள்ள போய் நோட்டை எடுத்துட்டு வந்து, கெய்த் பேருக்கு எதிர்ல நான் எழுதினதைச் சத்தமாப் படிச்சான்.

"போனது நல்லதுக்கே."

நிறுத்தி, "அவருக்கு"ன்னான். தங்கமணி சிரிச்ச சிரிப்பு இருக்கே, பக்கத்து ஃபிளாட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஒரே வருஷத்துல நாட்டோட சிறந்த ஆட்டக்காரர், சிறந்த கோல் கீப்பர் ரெண்டு பேருமே நம்ம போனவங்க பக்கத்துல. நாம அந்த வருஷமும் 8-வது இடம். மூணு வருஷமா 8, 8, 8. அடுத்த கோடையில கேப்டன் தாப்பாவும் மோகன் பகானுக்குக் கிளம்பினார். பதினெட்டு வயசுல 2016-ல நம்மகிட்ட வந்தவர். அவர் பேருக்கு எதிர்ல எதுவும் எழுதல. பேனாவை வெச்சுட்டேன்.

அதுலேர்ந்து நோட்டுல முறையை மாத்திட்டேன். போனவன் பேரு, அவன் களத்துல செஞ்ச வேலை என்ன, அந்த வேலையை இனி யார் செய்வாங்க. மூணாவது கட்டம் காலியா இருந்தா வலது பக்கத்துல ரொனால்டோவே வந்தாலும் மார்க் ஏறாது. மொத்த மார்க் மார்ச் மாசத்துக்கு முன்னாடி போடறதில்ல. இதனால என் கணிப்பு பிரமாதமா ஆயிடுச்சான்னா, இல்ல. 2023-ல கோய்ல் திரும்பி வந்து 6-வது இடம் பிடிச்சு பிளே-ஆஃப் போனார். 2024-ல முதல் தடவையா இந்தியர்களையே நிறைய எடுத்தாங்க, கியான், மந்தார் ராவ்னு, கூடவே கோல் அடிக்க வில்மர் ஜோர்டான். கட்டம் எல்லாம் நிரம்பியிருக்குன்னு நானே சந்தோஷப்பட்டேன். 13 டீம்ல 11-வது. சைக்கிள் கடை அண்ணன் இப்ப கடையைக் காலி பண்ணிட்டு மகள் வீட்டோட செங்கல்பட்டு போயிட்டார். இல்லன்னா காரணம் கேட்டிருப்பேன்.

2025 பக்கம் தமாஷ். கோய்ல் போனார்னு இடது பக்கம் எழுதினேன். ஜூலையில, ஒப்பந்தப் பிரச்னை, லீகே நிறுத்தி வைப்புன்னு செய்தி. ஆடவே போறாங்களான்னு தெரியாத லீக்ல யார் வர்றாங்கன்னு என்னத்தைப் பாக்கறது? வலது பக்கம் மாசக்கணக்கா வெள்ளையா கிடந்தது. சம்பளம் வருமா, ஊருக்குப் போகலாமா, வேற வேலை தேடலாமான்னு இருநூறு முன்னூறு பேர் காத்துக்கிட்டிருந்திருப்பாங்க. கடைசியில கிளிஃபோர்ட் மிராண்டா கோச்சா வந்தார், 2026 பிப்ரவரி 14-லதான் லீக் ஆரம்பிச்சது, ஒரு டீமுக்கு 13 ஆட்டம்னு சுருக்கி.

பையன் இப்ப காலேஜ். ரெண்டாவது வருஷம். எப்போ மறுபடி பூட்ஸ் மாட்டினான்னு சரியா ஞாபகம் இல்ல, 2023 மே மாசம்னு நினைக்கறேன், எங்கிட்ட சொல்லல, செருப்பு ஸ்டாண்டுல சேறு பார்த்துதான் தெரிஞ்சது. காலேஜ் டீம்ல லெஃப்ட் பேக். குள்ளம்தான் இன்னும்.

ஞாயித்துக்கிழமை காலையில வண்டலூர் ரோட்டுல ஒரு டர்ஃப்ல எங்க ஃபிளாட் ஆளுங்க ஆடுவோம், ஏழுக்கு ஏழு. யார் எந்த டீம்னு அவன்தான் பிரிப்பான். நான் கோல் கீப்பர். போன மாசம் நோட்டைத் திறந்து 2026-னு தலைப்பு எழுதலாம்னு பார்த்தா, ஏற்கனவே எழுதியிருக்கு, அவன் கையெழுத்துல. போனவங்க பக்கத்துல முதல் பேரு என் பேரு. "கோல் கீப்பர். வயசு 49. முட்டி வலி, குனிய மாட்டார். வேலை: பின்னாடி நின்னு கத்தறது. இனி யார் செய்வாங்க: யாரும் இல்ல."

மார்க் கட்டம் காலி. மார்ச்சுக்கு முன்னாடி போட மாட்டானாம் :-)